ரெட்டை நாடி உடம்பும் ஒல்லித் தொப்பையும்: உடல் பருமனில் யாருக்கு என்ன ஆபத்து?

சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள், பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் ஆப்பிள் பையை மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "உங்களுக்கு வந்திருந்தாக்கூட ஒரு நியாயம் இருக்குங்க. இவருக்கு எப்படி வந்துச்சு?"

பெரியம்மா சிரித்தபடி காபி போட உள்ளே போய்விட்டார். அவருக்கு வயது 63. உயரம் 152 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. ரெட்டை நாடி சரீரம் என்பார்களே, அது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. மூட்டு மட்டும்தான் படுத்துகிறது. சித்தப்பாவுக்கு 49. உயரம் 168, எடை 66 கிலோ. கையும் காலும் முகமும் ஒல்லி. சட்டையை இன் பண்ணினால் மட்டும் தெரிகிற ஒரு சின்னத் தொப்பை. ஐந்து வருடமாகச் சர்க்கரை, இப்போது மாரடைப்பு.

வந்தவர் கேட்டவிதம் தப்பு. கேள்வி தப்பில்லை. நம் பேச்சில் உடல் பருமன் என்றால் குண்டாக இருப்பது, அவ்வளவுதான். குண்டு கூடக்கூட ஆபத்தும் கூடும், ஒல்லி என்றால் தப்பித்தோம். இந்தக் கணக்கில் பாதி சரி, பாதி தப்பு. அந்தத் தப்பான பாதியால் ஒல்லியானவர்கள் பரிசோதனைக்கே போவதில்லை. பருமனானவர்களுக்கோ எந்த நோய் வந்தாலும் எடைமேல் பழி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது உடம்பில் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

எடை மெஷினுக்குத் தெரியாதது

பஸ் ஸ்டாண்ட் எடை மெஷினில் காசு போட்டால் ஒரு சின்ன அட்டை வரும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ராசிபலன். எடையை மட்டும் வைத்து ஒருவருக்கு என்ன நோய் வரும் என்று சொல்வது, கொஞ்சம் அந்த அட்டையின் மறுபக்கத்தைப் படிப்பது போலத்தான்.

எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்க ஒரு கணக்கு உண்டு. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். வருகிற எண்தான் உடல் நிறைக் குறியீடு, எல்லோரும் சொல்கிற பிஎம்ஐ. பெரியம்மாவுக்கு 33.8. சித்தப்பாவுக்கு 23.4. இந்தியர்களுக்கு 23 தாண்டினால் அதிக எடை, 25 தாண்டினால் உடல் பருமன் என்று 2009-இல் இங்குள்ள மருத்துவ நிபுணர்கள் கூடி வகுத்தார்கள். அதன்படி சித்தப்பா அதிக எடைக்கான கோட்டைக் கொஞ்சமே தாண்டியவர். பெரியம்மா எங்கோ போய்விட்டவர்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் மருத்துவரே இல்லை. 1830-களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கணிதரும் வானியலாளருமான அடோல்ஃப் கெட்லே, 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியபோது கிடைத்த சூத்திரம் இது. நோயைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். லட்சம் பேரை ஒன்றாக வைத்துப் பார்க்க அது நல்ல கருவி. தனி ஒருவரிடம் வந்தால் தடுமாறும், ஏனென்றால் எடையில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்று அதற்குத் தெரியாது. அந்தக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்பது சுத்தமாகத் தெரியாது.

இதைக் காட்ட இரண்டு மருத்துவர்கள் தங்களையே சாட்சியாக நிறுத்தினார்கள். புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இருவரின் படமும் அருகருகே வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் ஸ்கேனில் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். ஒரே எண், இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு.

குதிர் நிறைந்தால் நெல் எங்கே போகும்?

அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்தால் முதலில் குதிருக்குள் போகும். குதிர், நெல்லைக் கொட்டிவைக்கவென்றே செய்த பெரிய மண் கூடு. ஈரம் ஏறாது, வீட்டில் நடமாட்டத்துக்கு இடைஞ்சலும் இல்லை. விளைச்சல் கூடிக் குதிர் வாய்வரை நிறைந்துவிட்டால்? மூட்டைகளைக் கூடத்தில் அடுக்குவார்கள். அப்புறம் தாழ்வாரம். அதுவும் போதாவிட்டால் அடுப்படி. அது அதே நல்ல நெல்தான். ஆனால் அடுப்படியில் மூட்டை அடுக்கிய வீட்டில் சமையல் நடக்காது.

உடம்பின் குதிர், தோலுக்கு அடியில் இருக்கிறது. தொடையிலும் இடுப்பிலும் பின்புறத்திலும் கிள்ளினால் கையில் பிடிபடுகிறதே, அதுதான் தோலடிக் கொழுப்பு. மிச்சமாகிற சாப்பாட்டை உடம்பு கொழுப்பாக மாற்றி முதலில் இங்கேதான் சேர்க்கப் பார்க்கும். இதை வெறும் சுமை என்று நினைத்த காலம் போய்விட்டது. 1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு, கொழுப்புத் திசு 'லெப்டின்' என்ற ஹார்மோனைச் சுரந்து இருப்பு நிலவரத்தை மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தது. அதாவது குதிர் தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்கிறது.

கூடத்தில் அடுக்கிய மூட்டைக்குச் சமமானது உள்ளுறுப்புக் கொழுப்பு. வயிற்றுத் தசைச் சுவருக்குப் பின்னால், குடலைச் சுற்றிச் சேர்வது. இதைக் கிள்ள முடியாது. அதனால்தான் சிலருடைய தொப்பை தொளதொளவென்று இல்லாமல் கெட்டியாக இருக்கும். "தட்டிப் பாரு, கல்லு மாதிரி இருக்கு" என்று அதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் நமக்குத் தெரிந்தவர்களிலேயே இருப்பார்கள். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

அடுப்படிவரை வந்துவிட்ட மூட்டைதான் இடம்மாறிய கொழுப்பு. கல்லீரல், கணையம், தசை, இதயத்தைச் சுற்றிய பகுதி என்று கொழுப்புக்கு வேலையே இல்லாத இடங்களில் படிவது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் அறிக்கையில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று ஒரு வரி வரும். இது எல்லாருக்கும் இருக்கிறதுதானே என்று தாளை மடித்து உறைக்குள் வைத்துவிடுவோம். குதிர் நிறைந்துவிட்டது என்று உடம்பு எழுதி அனுப்புகிற முதல் கடிதம் பெரும்பாலும் அந்த வரிதான்.

கதவு தட்டுகிற இன்சுலின்

மூட்டை அடுப்படிக்கு வந்தால் நோய் எப்படி வருகிறது? இங்கே இன்சுலின் வருகிறது. கணையம் சுரக்கும் ஹார்மோன் இது. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசையும் கொழுப்புத் திசுவும் உள்ளே எடுத்துக்கொள்ளச் செய்வதும், கல்லீரல் தானாகச் சர்க்கரை தயாரித்து விடுவதை நிறுத்தச் சொல்வதும் இதன் வேலை. வண்டியில் சரக்கைக் கொண்டுவந்து வீடு வீடாகக் கதவைத் தட்டுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏற்கனவே மூட்டை குவிந்திருக்கிற வீட்டில், தட்டினாலும் கதவு சரியாகத் திறக்காது. இந்த நிலைக்குப் பெயர் இன்சுலின் எதிர்ப்பு: இன்சுலின் இருக்கிறது, ஆனால் அதன் சொல் எடுபடவில்லை.

கணையம் இதற்குப் பதிலாக இன்னும் அதிக இன்சுலினை அனுப்பும். ஒருவர் தட்டிய இடத்தில் மூன்று பேர் தட்டுவார்கள். கதவும் ஒருவழியாகத் திறக்கும். அதனால் பல வருடம் சர்க்கரை அளவு நார்மலாகவே இருக்கும், ரிப்போர்ட்டில் எதுவும் தெரியாது. ஒரு கட்டத்தில் கணையம் ஓய்ந்துபோகும். அன்றைக்குத்தான் 'திடீரென்று சுகர் வந்துவிட்டது' என்கிறோம்.

குடலைச் சுற்றிய கொழுப்புக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்களைச் சுமந்த ரத்தத்தில் பெரும்பகுதி, உடம்பெல்லாம் சுற்றாமல் தனி ரத்தக்குழாய் வழியே முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. தொடைக் கொழுப்புக்கு அந்தக் குறுக்கு வழி கிடையாது. தவிர, அளவுக்கு மீறி ஊதிப்போன கொழுப்புச் செல்கள் சிதையத் தொடங்கும்போது நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே வந்து கூடுகின்றன. காயமே இல்லாமல் காயத்துக்கான வேலை நடந்துகொண்டே இருக்கிறது. இந்த ஓயாத மெல்லிய எரிச்சலை அழற்சி என்கிறார்கள். கல்லீரலிலிருந்து கிளம்பும் கொழுப்பும் இந்த அழற்சியும் சேர்ந்து ரத்தக்குழாய்ச் சுவரைக் கெடுக்கின்றன. சித்தப்பாவின் இதயக்குழாய் அடைபட்டதில் இவை இரண்டுக்கும் பங்கு உண்டு. அவர் பத்து வருடம் பிடித்த சிகரெட்டுக்கும் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் சித்தி கோபித்துக்கொள்வார்.

இது வெறும் உவமைதானா?

நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். மூன்று சங்கதிகள் என்னை நம்பவைத்தன.

முதலாவது, லிப்போடிஸ்ட்ரோபி என்ற மிக அரிதான நோய். இதன் கடுமையான வகையில் தோலடிக் கொழுப்பே உருவாகாது. குதிரே இல்லாத வீடு. பார்க்க மிக ஒல்லியாக, நரம்பும் தசையும் தெறித்துத் தெரியும்படி இருப்பார்கள். ஆனால் சிறு வயதிலேயே கடும் சர்க்கரை நோயும், கல்லீரலில் கொழுப்பும் வந்துவிடும். கொழுப்பு அதிகம் இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் இவர்களுக்கு எந்த நோயும் வந்திருக்கக் கூடாது.

இரண்டாவது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சாமுவேல் கிளைன் குழு செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு. பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுப் பகுதியின் தோலடிக் கொழுப்பை லைப்போசக்‌ஷன் முறையில் உறிஞ்சி எடுத்தார்கள். ஆளுக்கு ஏறக்குறைய 10 கிலோ. மூன்று மாதம் போலக் கழித்துச் சோதித்தால் இன்சுலின் எதிர்ப்பு, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதிலும் முன்னேற்றம் இல்லை. அதே 10 கிலோ சாப்பாட்டிலும் நடையிலும் குறைந்திருந்தால் எண்கள் எல்லாமே இறங்கியிருக்கும். குதிர்தான் இடிந்தது, அடுப்படி மூட்டை அப்படியே இருந்தது. லைப்போசக்‌ஷன் விளம்பரங்களில் 'ஆரோக்கியம்' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும்.

மூன்றாவது, ஜப்பானின் சுமோ மல்லர்கள். மலைபோல உடம்பு. ஆனால் தினமும் பயிற்சியில் இருக்கும் காலத்தில் அவர்களைச் சிடி ஸ்கேனில் பார்த்தால், கொழுப்பில் பெரும்பகுதி தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அந்த எடைக்கு எதிர்பார்க்கிற அளவு உள்ளுறுப்புக் கொழுப்பு இல்லை. உழைக்கிற தசை, வருகிற சரக்கை எரித்துக்கொண்டே இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பாதுகாப்பு நிற்பதில்லை.

இதுவரை வந்ததைத் தொகுத்துக்கொள்வோம். உடம்பில் கொழுப்புக்கென்று பாதுகாப்பான இடம் ஒன்று உண்டு, அது தோலடி. அதன் கொள்ளளவு ஆளுக்கு ஆள் வேறு. அது நிரம்பி வழிவது 70 கிலோவிலும் நடக்கலாம், 110 கிலோவிலும் நடக்கலாம். வழிந்த கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேரும்போது இன்சுலின் எதிர்ப்பு தொடங்குகிறது. சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, இதய நோய் எல்லாம் அதன் பின்னால் வருகின்றன.

நமக்குக் குதிரே சின்னது

இந்தியர்களுக்குப் பொதுவாக இந்தக் கொள்ளளவு குறைவு. இது பிறக்கும்போதே தொடங்குகிறது. மேலே சொன்ன யாஜ்னிக் குழு புனே அருகே உள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டது. அங்கே சராசரிப் பிறப்பெடை 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. நம் குழந்தைக்குத் தசை குறைந்திருந்தது, வயிற்று உறுப்புகள் சின்னதாக இருந்தன. ஆனால் கொழுப்பு மட்டும் ஏறக்குறைய குறையாமல் இருந்தது. ஒல்லிக்குள் ஒரு குண்டு. பல தலைமுறைகளாகத் தாய்மார்கள் அரைவயிறு சாப்பிட்டதன் தடம் இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பஞ்சத்துக்குத் தயாராகப் பிறந்த உடம்பின் முன்னால் நாம் பரோட்டாவையும் நாற்காலி வேலையையும் வைத்திருக்கிறோம்.

இதன் விளைவைச் சென்னையிலிருந்து மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வில் பார்க்கலாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2023-இல் வெளியான அந்த முடிவுகளின்படி, நாட்டில் வயதுவந்தோரில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். பிஎம்ஐ கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம். இடுப்பைச் சுற்றி அளந்தால் வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். எடை மெஷின் கண்ணில் படாமல் தப்புகிற தொப்பைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன என்று அர்த்தம்.

வகைக்கு ஒரு ஆபத்து

சித்தப்பா போன்றவர்கள் முதல் வகை: எடை பெரிதாக இல்லை, தொப்பை மட்டும். கொழுப்பு இருக்கும் இடத்தை வைத்துப் பருமனைப் பிரிக்கலாம் என்று பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ஜான் வாக் 1947-லேயே எழுதினார். வயிறு பெருக்கிற ஆண் வகை, இடுப்பும் தொடையும் பெருக்கிற பெண் வகை என்று இரண்டு. சர்க்கரையும் இதய நோயும் வயிறு பெருக்கிற வகையைத்தான் அதிகம் தேடி வருகின்றன என்றும் சொன்னார். ஆள் ஒல்லி என்பதால் இவர்களை யாரும் எச்சரிப்பதில்லை, இவர்களும் பரிசோதனைக்குப் போவதில்லை. ஆறுதலான சேதி, வயிற்றுக்குள் சேர்ந்தது வெளியேறுவதும் சுலபம். எடை குறைந்தால் கல்லீரல் கொழுப்புதான் முதலில் கரைகிறது. இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழு, பருமனே இல்லாத 20 சர்க்கரை நோயாளிகளை எடை குறைக்கவைத்தது. சராசரியாக ஆறேழு கிலோதான் குறைத்தார்கள். 14 பேருக்கு மருந்து இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் இதை மருத்துவரைக் கேட்காமல் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும்.

பெரியம்மா இரண்டாவது வகை. எடை அதிகம், ஆனால் ரத்தப் பரிசோதனை எல்லாம் சுத்தம். இதை 'நோயற்ற பருமன்' என்று சொல்வதுண்டு. பெரிய குதிர் வாய்த்தவர்கள். இதைக் கேட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். இவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், பலர் ஒரு கட்டத்தில் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ நகர்ந்துவிட்டார்கள். வயது ஏறினால் பெரிய குதிரும் நிறையும். வருடம் ஒருமுறை பார்க்க வேண்டிய உடம்பு அது.

அதோடு, கொழுப்பு எங்கே இருந்தாலும் எடை எடைதான். பருமனின் ஒரு பகுதி ரசாயனம், இன்னொரு பகுதி வெறும் பாரம். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். பெரியம்மா ஐந்து கிலோ குறைத்தால் அடிக்கு இருபது கிலோ இறக்கிவைக்கிறார். கழுத்திலும் தொண்டையைச் சுற்றியும் சேரும் கொழுப்பு, தூக்கத்தில் மூச்சுக் குழாயை அமுக்கும். குறட்டை திடீரென நின்று, சில நொடி அமைதி, பிறகு திணறி ஒரு பெருமூச்சு. இப்படி இரவெல்லாம் நடந்தால் அது உறக்க மூச்சுத்திணறல். மறுநாள் வண்டி ஓட்டும்போது கண் சொக்கும், பிரஷர் ஏறும். குறட்டை விடுகிறவருக்கு இது தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

பெண்களுக்கு இன்னொரு கதை. இளம் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கொழுப்பை இடுப்புக்கும் தொடைக்கும் அனுப்பிப் பாதுகாக்கிறது. பிசிஓடி என்று நாம் சொல்கிற சினைப்பைப் பிரச்சினை இருந்தால் அந்தப் பாதுகாப்பு முன்னாடியே குறைகிறது. இன்சுலின் எதிர்ப்பும் மாதவிலக்குக் கோளாறும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும், கர்ப்ப காலச் சர்க்கரைக்கும் வாய்ப்பு கூடும். மாதவிடாய் நின்ற பிறகு எல்லாப் பெண்களுக்குமே கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகர்கிறது. அந்த வயதில் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கவும் செய்கிறது. அதனால்தான் பருமனான பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் 13 வகைப் புற்றுநோய்களைப் பருமனோடு தொடர்புபடுத்தியது. நின்றுபோன மாதவிடாய் மறுபடி ஒரு துளி பட்டாலும், சூடு என்று சொல்லி மோர் குடித்துவிட்டு இருக்காமல், பெண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வயதானவர்களிடம் எடை மெஷின் வேறுவிதமாக ஏமாற்றும். எழுபது வயதில் தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு ஏறியிருக்கும், முள் அசையவே அசையாது. பருமனும் பலவீனமும் ஒரே உடம்பில். இவர்களுக்கு முதல் ஆபத்து கீழே விழுவது. இரவுச் சாப்பாட்டை நிறுத்தி எடை குறைக்கிறேன் என்று கிளம்பினால் கொழுப்போடு சேர்ந்து மிச்சமிருக்கும் தசையும் போகும். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துமுறை எழுந்து உட்காருவதும், சாப்பாட்டில் பருப்பும் முட்டையும் கூட்டுவதும் அவர்களுக்கு எடையைவிட முக்கியம்.

குழந்தைகளை 'கொழுகொழு' என்று கொஞ்சுவதோடு விட்டுவிடுகிறோம். பள்ளி வயதிலேயே ஃபேட்டி லிவர் வருகிறது. பின்கழுத்தில் எவ்வளவு தேய்த்தும் போகாத வெல்வெட் போன்ற கறுப்பு படிந்தால் அது அழுக்கில்லை, இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். அதற்காகப் பிள்ளையைத் திட்டித் திட்டிக் குளிப்பாட்டிய வீடுகள் நிறைய.

மருந்தால் வருகிற பருமனும் உண்டு. நாள்பட எடுக்கும் ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் எல்லாம் எடையைக் கூட்டும். அவற்றைத் தானாக நிறுத்தக் கூடாது, மாற்று இருக்கிறதா என்று கேட்கலாம். எல்லாரும் பழி போடுகிற தைராய்டு குறைவால் கூடுவது பெரும்பாலும் சில கிலோதான்.

2025-இல் மாறிய இலக்கணம்

ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வகை இருப்பதால் குழப்பம் வருகிறது என்று மருத்துவர்களுக்கும் தெரியும். 2025 ஜனவரியில், லான்செட் இதழ்க் குடும்பம் அமைத்த சர்வதேச ஆணையம் ஒன்று பருமனை இரண்டாகப் பிரித்தது. அதிகக் கொழுப்பால் ஏதாவது ஓர் உறுப்பு ஏற்கனவே பாதிக்கப்பட்டிருந்தாலோ, குளிப்பது, நடப்பது போன்ற அன்றாட வேலையே சிரமமாகியிருந்தாலோ அது 'நோய்நிலைப் பருமன்'. கொழுப்பு அதிகம், ஆனால் உறுப்புகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன என்றால் அது 'நோய்க்கு முந்தைய பருமன்'. முதலாவதற்குச் சிகிச்சை, இரண்டாவதற்குக் கண்காணிப்பு. பிஎம்ஐயை மட்டும் வைத்து இதை முடிவு செய்யாமல் இடுப்பளவையும் சேர்க்கச் சொன்னது ஆணையம்.

இதில் எனக்குப் பிடித்தது, நோயாளியைக் கேள்வி கேட்கவைப்பது. எடையைக் குறைங்க என்று ஒரு வரியில் எழுதி அனுப்ப முடியாது. எந்த உறுப்பு, என்ன பாதிப்பு என்று பார்த்தாக வேண்டும். பெரியம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் படியேறினால் மூச்சு வாங்கியது. ஒரு கிளினிக்கில் ஆளைப் பார்த்ததுமே எடைதான் காரணம் என்று சொல்லி டயட் சார்ட் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோது ஹீமோகுளோபின் 7.9. ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையில் சரியானது. அந்த ஆறு மாதமும் அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனார்.

இஞ்ச் டேப்பை எடுங்கள்

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தையல் மெஷின் பக்கத்தில் கிடக்கும் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெறும் தோல்மேல், சாதாரணமாக மூச்சை விட்டபின் சுற்றி அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் வயிற்றுப் பருமன். இன்னும் சுலபமாக வேண்டும் என்றால், இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, பிரஷர், கல்லீரல் இவற்றை ஒருமுறை பார்த்துவிடலாம்.

சித்தப்பா நடமாட ஆரம்பித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்தேன். "எதுக்குடா, நான் கல்யாணத்துல இருந்து 34 சைஸ் பேன்ட்தான் போடுறேன்" என்றார். சரிதான். ஆனால் அவர் பெல்ட் போடுவது தொப்பைக்குக் கீழே. இடம் பார்த்து அளந்தால் 38 இஞ்ச், அதாவது 96 சென்டிமீட்டருக்கு மேல். அவர் உயரத்தில் பாதி 84. டேப்பை வாங்கித் தானே ஒருமுறை அளந்து பார்த்தார். அதே 38.

பெரியம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் பாரு" என்று கூப்பிட்டுச் சித்தியை மட்டும் அறைக்குள் அழைத்துப் போனார். வெளியே வந்து 37 என்றார். அவர் உயரத்தில் பாதி 30 இஞ்ச்தான் வரும் என்றேன்.

"சரி, காலண்டர் பின்னாடி எழுதி வை" என்றார். "பொங்கலுக்கு மறுபடியும் பார்ப்போம்."